ஞாயிறு இரவுப் பொட்டலம்: ஒரு பெண்கள் விடுதியின் வார இறுதி பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

தென் மாவட்டங்களில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் பெண்கள் விடுதியில் நடந்தது இது. ஊரை விட்டு ஏறக்குறைய பத்து கிலோமீட்டர் தள்ளி, நெடுஞ்சாலையை ஒட்டிய வளாகம். மதுரைக்குப் பேருந்தில் ஒன்றரை மணி நேரம். விடுதியில் நானூறு பேருக்குக் கொஞ்சம் மேல். நான் அங்கே ஆசிரியை, கூடுதல் பொறுப்பாக டெபுடி வார்டன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன். எண்ணிக்கைகள் தோராயமானவை.

எங்கள் வளாகத்தின் வாரம் வெள்ளிக்கிழமை மதியமே முடிந்துவிடும். மூன்று மணிக்கு மேல் கேட்டில் பெட்டியும் பையுமாகக் கூட்டம் நிற்கும். வாட்ச்மேன் அவுட்பாஸை வாங்கி நோட்டில் எழுதி முடிப்பதற்குள் மூன்று பேருந்து போய்விடும். நூலகம் சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு மூடினால் திங்கள் காலைதான் திறக்கும். மருத்துவ மையமும் அப்படியே. கேன்டீனும் ஜெராக்ஸ் கடையும் ஞாயிறு கிடையாது. ஊருக்குள் போகும் டவுன் பஸ்ஸும் ஞாயிறன்று பாதிதான் ஓடும்.

மெஸ்ஸில் ஞாயிறு மதியம் சிக்கன் குழம்பு. அதோடு அன்றைய சமையல் முடிந்தது. இரவுச் சாப்பாட்டை மதியம் ஒன்றரை மணிக்கே பொட்டலமாகக் கொடுத்துவிடுவார்கள். ஒரு வாரம் லெமன் சாதம், மறு வாரம் தயிர் சாதம், ஃபாயில் பையில். சித்திரை வெயிலில் அந்தத் தயிர் சாதத்தை இரவு எட்டு மணிக்குப் பிரித்தால் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டு வருடமாக அந்த மெனுவில் கையெழுத்துப் போட்டவள் நான். ஒரு நாளும் அதை எட்டு மணிக்குப் பிரித்துப் பார்த்ததில்லை.

இதற்கெல்லாம் பின்னால் இருந்தது ஒரே வாக்கியம்: "சனி ஞாயிறு யாரும் இருக்க மாட்டாங்க." நூலகத்தில் கேட்டாலும் மெஸ்ஸில் கேட்டாலும் அலுவலகத்தில் கேட்டாலும் அதே பதில்தான் வரும். நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை

ஐப்பசி மழைக் காலம். சுற்றுவட்டாரத்தில் டெங்கு பரவிக்கொண்டிருந்தது. முதலாம் ஆண்டு முதுகலை மாணவி ஒருவருக்கு வியாழக்கிழமையே காய்ச்சல். வெள்ளியன்று மருத்துவ மையத்தில் மாத்திரை வாங்கியிருக்கிறாள். சனிக்கிழமை இரவு வாந்தி, வயிற்று வலி, எழுந்து நிற்க முடியவில்லை. அறைத்தோழி ஊருக்குப் போயிருந்தாள். பக்கத்து அறைப் பெண்கள்தான் கைத்தாங்கலாகக் கீழே கூட்டி வந்தார்கள். அப்போது மணி ஒன்பதே கால்.

முதலுதவிப் பெட்டியைத் திறந்தால் பஞ்சு, தீர்ந்துபோன டெட்டால் பாட்டில், ஒரு அட்டை வலி மாத்திரை. அதைக் கொடுக்கலாமா என்று யோசித்துக் கொடுக்காமல் விட்டிருக்கிறார்கள். அது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று மறுநாள் மருத்துவர் சொன்னார். டெங்கு சந்தேகம் இருக்கும்போது பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை கொடுத்தால் ரத்தக் கசிவு அபாயம் கூடும்.

ஆட்டோவை வரச் சொல்லிவிட்டார்கள். ஆனால் கேட்டைத் திறக்க வார்டன் கையெழுத்து வேண்டும். வார்டன் வெளியூரில். என் கைபேசி சார்ஜரில், நான் மாடியில். வாட்ச்மேன் கெட்ட மனிதர் இல்லை. போன மாதம்தான் அனுமதிச் சீட்டு இல்லாமல் ஒரு பெண்ணை வெளியே விட்டதற்காக அவருக்கு மெமோ கொடுக்கப்பட்டிருந்தது. அவரும் என்னை ஆறு முறை அழைத்திருக்கிறார். 108-ஐ அழைக்கலாம், அதற்கு யார் அனுமதியும் தேவையில்லை என்று அங்கிருந்த எவருக்கும் தோன்றவில்லை. நான் கைபேசியை எடுத்தபோது மணி ஒன்பது ஐம்பத்தைந்து. நாற்பது நிமிடம் அந்தப் பெண் கேட் அருகே பிளாஸ்டிக் நாற்காலியில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள்.

அரசு மருத்துவமனையில் டெங்கு என்று உறுதியானது. ஐந்து நாள் உள்நோயாளியாக இருந்து நலமாகத் திரும்பினாள். அவளுடைய அப்பா கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து இரவெல்லாம் பேருந்தில் நின்றுகொண்டே வந்து சேர்ந்தார். அவர் என்னைத் திட்டவில்லை. "சனிக்கெழமன்னா ஆள் இருக்க மாட்டாங்களாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

எண்ணிப் பார்த்தது

அடுத்த வாரக் கூட்டத்தில் முதலுதவிப் பெட்டியை நிரப்புவது, கேட்டில் அவசர எண்களை ஒட்டுவது என்று தீர்மானம் ஆனது. அதோடு முடிந்திருக்கும். மெஸ் பிரதிநிதியாக இருந்த ஆராய்ச்சி மாணவி ஒருத்திதான் எழுந்தாள். "மேம், ஞாயித்துக்கெழம எத்தன பேர் இங்க இருக்கோம்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. வார நாட்களில் இரவு வருகைப் பதிவு உண்டு, சனி ஞாயிறு எடுப்பதில்லை. போகிறவர்களை எழுத நோட்டு இருந்தது. மொத்தத்திலிருந்து அதைக் கழித்துப் பார்த்தவர் யாரும் இல்லை. மெஸ் ஒப்பந்தக் கணக்கில் ஞாயிறுக்கு "சுமார் 60" என்று பல வருடத்துக்கு முன் யாரோ எழுதி வைத்தது அப்படியே வந்துகொண்டிருந்தது. பொட்டலம் தீர்ந்துபோனால் வாங்காதவர்கள் சாப்பிட்டுவிட்டதாகக் கணக்கு.

தொடர்ந்து மூன்று ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு, நானும் இரண்டு மாணவிகளும் அறை அறையாகப் போனோம். மூன்று வாரமும் 160-க்குக் குறையவில்லை. அவர்களில் பாதிப் பேரிடமாவது உட்கார்ந்து பேசினேன்.

தருமபுரி, கிருஷ்ணகிரி என்று எட்டு, பத்து மணி நேரப் பயணத்தில் வீடு இருப்பவர்கள். வெளிமாநிலப் பெண்கள். ஆய்வகத்தில் செல் கல்ச்சர் (ஆய்வுக்காக வளர்க்கும் உயிரணுக்கள்) போட்டுவிட்டு சனி, ஞாயிறும் போய்ப் பார்த்தாக வேண்டிய ஆராய்ச்சி மாணவிகள். கல்லூரி ஆசிரியர் பணிக்கான நெட் தேர்வுக்கும் டிஎன்பிஎஸ்சிக்கும் படிப்பவர்கள். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து கட்டணம் இல்லைதான், ஆனால் வெளியூர் பேருந்துக்கு டிக்கெட் எடுத்தாக வேண்டும். போக வர முந்நூறு ரூபாய் என்றால் மாதம் ஒரு முறை என்று நிறுத்திக்கொண்டவர்கள் பலர். இன்னும் சிலர் இருந்தார்கள். "வீட்டுக்குப் போனா படிக்க விட மாட்டாங்க மேம்" என்றாள் ஒருத்தி. கல்யாணப் பேச்சை அப்படிச் சொன்னாள் என்று பிறகு புரிந்தது.

போகாதவர்கள் யார் என்றால், பெரும்பாலும் போக முடியாதவர்கள். வீட்டுச் சாப்பாடும் அம்மாவின் கைப்பக்குவமும் கிடைக்கிறவர்களுக்கு நாங்கள் வாரம் ஐந்து நாள் எல்லா வசதியும் செய்து கொடுத்துவிட்டு, அவை கிடைக்காதவர்களுக்குச் சரியாக அந்த இரண்டு நாளும் கதவை மூடிக்கொண்டிருந்தோம்.

இந்தச் சுற்றில் எனக்குப் பெரிய பாடம் எலக்ட்ரீஷியனின் புகார் நோட்டு. ஞாயிறு இரவு எட்டு மணியிலிருந்து ஒன்பதுக்குள் ஃபியூஸ் போனதாக வாரா வாரம் ஒரு வரி இருந்தது. கெட்டில். பொட்டலத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு எல்லா அறையிலும் ஒரே நேரத்தில் மேகிக்கு வெந்நீர் வைத்திருக்கிறார்கள். அந்தப் புகாரின்மேல் நாங்கள் எடுத்திருந்த நடவடிக்கை, கெட்டில்களைப் பறிமுதல் செய்தது. என் அறை அலமாரியில் அப்போது பதினேழு கெட்டில் இருந்தது.

தண்ணீர் கதை இன்னொன்று. விடுதியில் ஞாயிறுதான் துணி துவைக்கும் நாள். மோட்டார் போடுபவருக்கும் ஞாயிறுதான் விடுமுறை. மதியம் இரண்டு மணிக்குத் தொட்டி காலி. சோப்பு நுரையோடு ஊற வைத்த பக்கெட்டுகள் திங்கள் காலை வரை வராந்தாவில் வரிசையாக நிற்கும்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

காசு செலவில்லாதவற்றை உடனே செய்தோம். மோட்டார் சுவிட்சை வாட்ச்மேன்களுக்குக் காட்டிக்கொடுத்தோம், சாவியை கேட்டில் வைத்தோம். பத்து நிமிட வேலை. இத்தனை வருடம் ஏன் ஆகவில்லை என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. சனி, ஞாயிறு இரவு வருகைப் பதிவு தொடங்கியது. வார இறுதிக்குத் தங்குவோர் எண்ணிக்கை வெள்ளி இரவே மெஸ்ஸுக்குப் போகும்.

மருத்துவ அவசரத்துக்கு யார் கையெழுத்தும் வேண்டாம் என்று எழுத்து மூலம் உத்தரவு வாங்கினோம். முதலில் 108, பிறகு கேட்டைத் திறப்பது, அதன் பிறகு வார்டனுக்குத் தகவல், இந்த வரிசையில். வாய்மொழியாகச் சொல்லியிருந்தால் அடுத்த மெமோவுக்குப் பயந்து வாட்ச்மேன் மறுபடியும் காத்துத்தான் இருப்பார். காகிதம் கண்ணாடிக்குள் போட்டு அவருக்குப் பின்னால் மாட்டப்பட்டது. மருத்துவ மையத்துக்குச் சனி மாலையும் ஞாயிறு காலையும் ஒரு நர்ஸ், இரண்டு மணி நேரம். அதற்கு மேல் நிதி கிடைக்கவில்லை. 24 மணி நேரமும் எடுக்கப்படும், அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மனாஸ் எண் 14416-ஐ ஒவ்வொரு மாடியிலும் குளியலறைக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டினோம். அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் அதன் முன் நின்று குறித்துக்கொள்ளக் கூச்சப்படுவார்கள் என்று மாணவிகளே சொன்ன இடம் அது.

ஞாயிறு இரவுச் சமையல்தான் கடினமாக இருந்தது. சமையல் மாஸ்டர் என்னைவிட மூத்தவர், இருபது வருட அனுபவம். "மேம், எம் பொண்ணு கட்டிக்கொடுத்த வீட்டுலருந்து வர்றதே ஞாயித்துக்கெழம சாயங்காலந்தான். அதையும் கேட்டா எப்படி?" என்றார். நியாயம். மாணவிகளின் ஞாயிறுக்காகச் சமையல்காரரின் ஞாயிறைப் பிடுங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. இரண்டு வாரம் பேசி ஒரு வழிக்கு வந்தோம். நான்கு பேர் கொண்ட குழு, சுழற்சி முறையில். ஒருவருக்கு மாதம் ஒரு ஞாயிறு மாலைதான் வேலை, அதற்கு ஈடாகச் செவ்வாய் முழு நாள் ஓய்வு. ஆள் குறைவதால் செவ்வாய் மெனு எளிமையாக்கப்பட்டது. ஞாயிறு இரவுக்கு என்ன வேண்டும் என்று மாணவிகளிடம் கேட்டோம். பரோட்டா, ஃப்ரைடு ரைஸ் என்று பட்டியல் வரும் என்று பயந்திருந்தேன். அதிகம் பேர் எழுதியது: சூடான ரசம் சாதம், உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம்.

ஞாயிறு காலை டிபனை எட்டரையிலிருந்து ஏழரைக்கு மாற்றினோம். டிஎன்பிஎஸ்சி தேர்வுகள் வார இறுதியில் காலை 9.30-க்குத் தொடங்கும். 9 மணிக்குள் தேர்வுக் கூடத்தில் இருக்க வேண்டும். அதுவரை வெறும் வயிற்றோடுதான் போய்க்கொண்டிருந்தார்கள்.

நூலகத்தில் கீழ்த்தளப் படிப்பு அறையை மட்டும் ஞாயிறு காலை 10 முதல் இரவு 9 வரை திறக்கச் சம்மதித்தார்கள். புத்தகம் எடுக்க முடியாது, சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கலாம். மணிக்கூலிக்கு ஆராய்ச்சி மாணவர்கள் இருவர் பொறுப்பு.

பிறகு நடந்தது

படிப்பு அறை திறந்த முதல் மாதம் முழுக்க ஆண்கள். பெண்கள் விடுதி கேட் மாலை 6.30-க்கு மூடிவிடும், ஆண்கள் விடுதி 9.30-க்கு. ஒன்பது மணி வரை நூலகத்தைத் திறக்க நான் அலைந்து அனுமதி வாங்கி, என் விடுதிப் பெண்கள் மாலை ஆறு மணிக்கே எழுந்து ஓடி வர வேண்டியிருந்தது. கேட் நேரம் என் பொறுப்பில் உள்ள விஷயம். அது என் கண்ணில் படவே இல்லை.

நேரத்தை மாற்ற முயன்றபோது எதிர்ப்பு வந்தது, பெற்றோரிடமிருந்து ஓரளவு, சக ஆசிரியர்களிடமிருந்து அதைவிட அதிகமாக. பாதுகாப்பு என்ற ஒரு சொல்லில் எல்லா விவாதமும் நின்றுவிடும். பல்கலைக்கழக மானியக் குழு 2016 மே மாதம் அறிவிக்கை செய்த பாலியல் துன்புறுத்தல் தடுப்பு ஒழுங்குமுறையில், மாணவியரின் பாதுகாப்பைக் காரணம் காட்டி ஆண்களுக்கு இல்லாத பாரபட்சமான விதிகளைப் பெண்கள் விடுதியில் விதிக்கக் கூடாது என்று தெளிவாகவே இருக்கிறது. அந்தப் பக்கத்தை நகல் எடுத்துக் கோப்போடு இணைத்தேன். வாதத்தைவிட நகலுக்கு அலுவலகத்தில் மரியாதை அதிகம். நூலகம் செல்வோருக்கு 9.15 வரை என்று அனுமதி கிடைத்தது. ஆண்கள் விடுதிக்குச் சமமாக இன்னும் ஆகவில்லை. நூலகத்திலிருந்து விடுதி வரும் பாதையில் எரியாமல் இருந்த விளக்குகளைச் சரிசெய்ய மேலும் ஆறு வாரம் ஆனது. அதுவரை இருவர் மூவராகக் கைபேசி வெளிச்சத்தில்தான் வந்தார்கள்.

இரவுச் சாப்பாட்டில் நான் செய்த தவறு இதைவிட மோசம். எங்களுடையது டிவைடிங் சிஸ்டம். மாத மளிகைச் செலவைச் சாப்பிட்ட மொத்த நாட்களால் வகுத்து, அவரவர் இருந்த நாளால் பெருக்கி பில் வரும். தொடர்ந்து மூன்று நாளாவது இல்லாவிட்டால்தான் கழிவு. அதனால் சனி, ஞாயிறு ஊருக்குப் போகிறவர்களும் அந்த இரண்டு நாளுக்குக் கட்டுகிறார்கள். ஞாயிறு இரவுச் சமையல் தொடங்கியதும் அவர்கள் கேட்டார்கள்: "சாப்பிடாத சாப்பாட்டுக்கு நாங்க ஏன் கட்டணும் மேம்?" கேள்வி சரியாகத் தோன்றியது. டோக்கன் முறை கொண்டு வந்தேன். வெள்ளி மதியத்துக்குள் டோக்கன் எடுத்தவர்களுக்கு மட்டும் சாப்பாடு, செலவும் அவர்களுக்குள் மட்டும்.

முதல் வாரம் 150 டோக்கன். ஆறாவது வாரம் 90-க்கும் கீழே. ஆள் குறையக் குறையத் தலைக்கு விலை ஏறும், விலை ஏற ஏற ஆள் குறையும். வேறு எங்காவது சாப்பிடுகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஒரு ஞாயிறு இரவு எட்டரைக்கு இரண்டாவது மாடியில் ஒரு அறைக்குப் போனபோது, ஒரு பெண் மதியம் வாங்கிய வெறும் சோற்றைத் தட்டால் மூடி வைத்து, தண்ணீர் ஊற்றி ஊறுகாயோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் தட்டைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். டோக்கன் எடுக்கவில்லையா என்று கேட்டேன். "பில்லு கூடுது மேம்" என்றாள். அரசு தரும் மாதம் ஆயிரம் ரூபாயில் பாதியை வீட்டுக்கு அனுப்புகிறவள் அவள்.

பேருந்துக் காசுக்காக ஊருக்குப் போகாமல் தங்கியவர்கள்தான் டோக்கன் காசுக்காகச் சாப்பாட்டையும் விட்டிருக்கிறார்கள். யாருக்காகத் தொடங்கினேனோ அவர்களையே வடிகட்டி வெளியே தள்ளும் ஏற்பாடு அது.

மெஸ் கமிட்டியைக் கூட்டினோம். அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கணக்கை மட்டும் பலகையில் எழுதினேன். ஞாயிறு இரவுச் செலவை நானூறு பேருக்கும் பிரித்தால் ஒருவருக்கு மாதம் எவ்வளவு கூடும், டோக்கனில் எவ்வளவு என்று. பொதுக் கணக்கில் வந்தது ஒரு காபி, ஒரு வடை விலை. ஊருக்குப் போகும் பெண்களில் ஒருத்திதான் முதலில் கை தூக்கினாள். சிலர் எதிர்த்தார்கள், அவர்கள் பேச்சும் குறிப்பேட்டில் பதிவானது. டோக்கன் ஒழிந்தது. எண்ணிக்கைக்கு மட்டும் பெயர் கொடுக்கும் முறை தொடர்ந்தது. அடுத்த மாதம் சாப்பிட வந்தவர்கள் மறுபடியும் 150-ஐத் தாண்டினார்கள். எலக்ட்ரீஷியன் நோட்டில் ஞாயிறு இரவு வரிகள் மாதத்துக்கு ஒன்றாகக் குறைந்தன. கெட்டில்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மூன்றுக்கு உரிமையாளர் படிப்பு முடித்துப் போய்விட்டார்கள்.

எடுபடாதவை

வளாக வாழ்வை வளமாக்குகிறோம் என்று சனிக்கிழமை மாலைகளில் நிகழ்ச்சிகள் வைத்தோம். ஆளுமை வளர்ச்சி பற்றிய சொற்பொழிவுக்கு வந்தவர்கள் பதினொரு பேர், மைக் செட்காரர்களையும் சேர்த்து. திரையிடலுக்குக் கொஞ்சம் கூடுதல், இடைவேளைக்குப் பின் பாதி. வாரமெல்லாம் வகுப்பில் உட்கார்ந்தவர்களை வார இறுதியிலும் வரிசையாக உட்கார வைக்கப் பார்த்தோம். அவர்களுக்கு வேண்டியிருந்தது தூக்கம், துவைக்கத் தண்ணீர், ஒரு ஷட்டில் கோர்ட், அதற்கு விளக்கு. வலையும் விளக்கும் போட்டபின் யாரும் அழைக்காமலே கூட்டம் சேர்ந்தது.

மதுரையில் 2023 ஜூலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு ஞாயிறுதோறும் பல்கலைக்கழகப் பேருந்து விடும் திட்டமும் நின்றுபோனது. ஓட்டுநர் கூடுதல் நேரப் படி, டீசல், யார் கணக்கு என்ற கேள்வியில் கோப்பு சுற்றிக்கொண்டிருந்தபோது, போக வேண்டியவர்கள் ஏழு மணிப் பேருந்தில் தாங்களே போய் வரத் தொடங்கிவிட்டார்கள். நாங்கள் செய்ததெல்லாம் ஞாயிறு பேருந்து நேரங்களைக் கேட்டில் எழுதிப் போட்டதும், அவர்கள் திரும்பும் நேரத்துக்குச் சாப்பாட்டை எடுத்து வைத்ததும்தான். நர்ஸ் ஏற்பாடு ஒரு பருவம் ஓடி, நிதியாண்டு முடிந்ததும் நின்றது. மறுபடி கேட்டிருக்கிறோம்.

மறுபடி செய்தால்

முதல் நாளே எண்ணிவிட்டுத்தான் பேசுவேன். எண்ணுவதற்குக் காய்ச்சல் வரும்வரை காத்திருக்க மாட்டேன். எந்தச் சேவையையும் திறப்பதற்கு முன், அதை அடைய ஒரு மாணவி கடக்க வேண்டிய கதவுகளை வரிசையாக எழுதிப் பார்ப்பேன். நூலகத்தில் தவறியது அங்கேதான். கட்டண முறையை மாற்றும்போது சத்தமாகக் கேட்கிறவர்களோடு சத்தம் போடாதவர்களையும் தேடிப் போய்க் கேட்பேன். மூன்று மாதம் கழித்துத் தற்செயலாக ஒரு தட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டது எனக்கு இன்னும் உறுத்துகிறது. மெஸ் பணியாளர்களை முடிவு எடுத்தபின் கூப்பிடாமல் முதல் கூட்டத்திலேயே உட்கார வைத்திருந்தால் அந்த இரண்டு வாரப் பேச்சு இரண்டு நாளில் முடிந்திருக்கும். சுழற்சி முறையைச் சொன்னதே மாஸ்டர்தான்.

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் விடுதியை முழுவதுமாக மூடுகிறோம், மெஸ் உட்பட. போன தீபாவளிக்கு முன் தங்க அனுமதி கேட்டு 23 பேர் கையெழுத்திட்ட கடிதம் கொடுத்தார்கள். அனுமதி வரவில்லை. அந்த நான்கு நாள் அவர்கள் எங்கே இருந்தார்கள் என்று திரும்பி வந்தபின் கேட்டேன். பெரும்பாலானவர்கள் தோழிகள் வீட்டில். இரண்டு பேர் பதில் சொல்லவில்லை. இந்தப் பொங்கலுக்கு ஒரு மாடியையாவது திறந்து வைக்கக் கேட்டு அனுப்பிய கடிதம் அலுவலகத்தில் இருக்கிறது. இந்த முறை எண்ணிக்கையையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.